புது பைலட்டோட சம்பளம், ரோஸ்டர், தூக்கம் – ஒரு அப்பாவோட கடிதமும் பதிலும்

சார் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைல இருந்து எழுதுறேன், விசைத்தறி வச்சிருக்கேன், பேரு போட வேண்டாம். நீங்க ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொப்பல்லர் விமானம் ஓட்டின கேப்டன், இப்ப ஏற்காட்டுல செட்டில் ஆயிட்டீங்கன்னு தெரிஞ்சு எழுதுறேன். என் பொண்ணு சிபிஎல்னு பைலட் வேலைக்கான லைசென்ஸ் முடிச்சு ரெண்டு வருஷம் வேலை இல்லாம இருந்துட்டு போன வருஷம்தான் ஏடிஆர் ஓட்டுற ஒரு கம்பெனில சேர்ந்தா. படிப்பு, டைப் ரேட்டிங் (அந்த ஒரு வகை விமானத்தை ஓட்டுறதுக்கான தகுதி) எல்லாம் சேர்த்து 70 லட்சம் ஆச்சு, அதுல 45 லட்சம் பேங்க் லோன். இன்னும் ட்ரெயினிங்தான்ங்கிறதால கைக்கு வர்றது 60 ஆயிரம்கூட இல்ல, அப்படியே இஎம்ஐக்குப் போயிருது. விடியக்காலை 3 மணிக்கு வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போகுது, ஒரே நாள்ல நாலு தடவை ஏறி இறங்குறா, போன்ல பேசிக்கிட்டே தூங்கிடுறா. சொந்தக்காரங்க எல்லாம் பைலட்டுன்னா மாசம் அஞ்சு லட்சமாமேங்கிறாங்க. நியூ ஜெர்சில இருக்குற மச்சான் பையன் அங்க சின்ன கம்பெனிலயே அள்ளிக் குடுக்கறாங்கன்னு சொல்றான். இதை விட்டுட்டு பெரிய ஜெட் கம்பெனிக்குப் போன்னு சொல்லிடவா? சின்னவன் வேற பிளஸ் டூ முடிச்சதும் நானும் பைலட்டுதான்னு நிக்கிறான்.

– அம்மாப்பேட்டை வாசகர்

அண்ணா, வணக்கம்.

விடச் சொல்லாதீங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க இந்த வாரமே பேசிடுவீங்களோன்னு உங்க கடிதத்தைப் படிச்சப்ப தோணுச்சு. ஆனா சம்பளத்தை விடப் பெரிய விஷயம் ஒண்ணு நீங்க எழுதுனதுலயே இருக்கு, போன்ல பேசிக்கிட்டே தூங்கிடுறான்னு எழுதியிருக்கீங்க பாருங்க அது. நான் அதைப் பத்திதான் அதிகமா எழுதப்போறேன்.

முதல்ல வேலை. பாப்பா ஓட்டுறது ஏடிஆர், ஒரு செக்டர், அதாவது ஒரு தடவை ஏறி இறங்குறது, சுமாரா ஒரு மணி நேரம், அதனாலதான் நாலு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கு. ஜெட்ல சேர்ந்த அவ பேட்ச்மேட் டெல்லிக்கு ஒருக்கா போய் வந்தா ரெண்டு லேண்டிங்தான், அதுலயும் பாதி கேப்டன் எடுத்துக்குவார். இவ அதே நேரத்துல ரெண்டு மடங்கு டேக்ஆஃப், லேண்டிங் பார்க்குறா. அது மட்டுமில்ல, ஜெட் 35 ஆயிரம் அடில மேகத்துக்கு மேல போயிரும், ஏடிஆர் 17, 18 ஆயிரம் அடில மழை மேகத்துக்கு நடுவுலதான் வழி கண்டுபிடிச்சுப் போகணும். நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்குற கமலாபுரத்தையே எடுத்துக்கங்க, ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான், பக்கத்துலயே சேர்வராயன் மலை 1,500 மீட்டருக்கு மேல நிக்குது, ஐப்பசி மாசத்துல மலை முழுக்க மேகம் மூடியிருக்கும்போது இங்க இறங்குறது ஒரு புது பைலட்டுக்கு எவ்வளவு கத்துக்குடுக்கும் தெரியுங்களா. காத்து, மழை, சின்ன ரன்வே, மலை எல்லாத்தையும் முதல் ரெண்டு வருஷத்துலயே பார்த்துட்ட பைலட்டை எந்த கம்பெனியும் வேண்டாம்னு சொல்லாது. நான் முழு மனசோட சொல்றேன், கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல இடம் இல்ல.

இப்ப சம்பளம். டைப் ரேட்டிங், சிமுலேட்டர், அப்புறம் ட்ரெயினிங் கேப்டனோட நிஜ பயணிகளை வச்சு ஓட்டுற லைன் ட்ரெயினிங், கடைசில பரீட்சை மாதிரி ஒரு செக் ஃபிளைட் முடிஞ்சு ரிலீஸ் ஆகற வரைக்கும், அதாவது முழு கோ-பைலட் ஆகற வரைக்கும் வர்றது ஒரு ஸ்டைபண்ட் மாதிரிதான். ரிலீஸ் ஆனப்புறம் ஒரு ஃபிக்ஸட் தொகை, அதுக்கு மேல பறக்குற மணி நேரத்துக்கு இவ்வளவு, வெளியூர்ல தங்குனா லேஓவர் படின்னு வரும். சொந்தக்காரங்க சொல்ற அஞ்சு லட்சம் எல்லாம் ஜெட் கேப்டன் கணக்கு, அதை ட்ரெயினிங்ல இருக்குற பொண்ணுகிட்ட கேக்கறதே அநியாயம். இன்னொண்ணு, அந்த மணி நேரக் கணக்கு விமானம் நின்ன இடத்துல இருந்து நகர ஆரம்பிச்சதுல தொடங்கி போய் நிக்கிறவரைக்கும்தான். நூல் அறுந்து தறி நிக்கிற நேரத்துக்கு கூலி இல்லாத மாதிரின்னு வச்சுக்கங்க. நாலு செக்டர் ஓட்டுனா காசு வர்ற நேரம் நாலு, நாலரை மணி, ஆனா 3 மணிக்கு வண்டி ஏறி, ரிப்போர்ட்டிங், குடிச்சிருக்காங்களான்னு பார்க்குற பிரீத் டெஸ்ட், ஒவ்வொரு ஊர்லயும் இறங்கித் திரும்பக் கிளம்புற அரை மணி டர்ன்அரவுண்ட், லேட்டுன்னு எல்லாம் சேர்த்தா அவ முழிச்சிருந்தது பத்து, பதினொரு மணி நேரம். ஜெட்ல இருக்குறவன் அதே பத்து மணி நேரத்துல ஆறேழு மணி நேரத்துக்கு காசு பார்த்துடுவான். ஒரே உழைப்புக்கு சின்ன விமானத்துல கம்மியா வர்றதுக்கு இது ஒரு காரணம், பாப்பா சோம்பேறின்னோ ஏமாந்துட்டான்னோ யாரும் நினைக்க வேண்டாம்.

மச்சான் பையன் சொல்றது இன்னைக்கு உண்மைதான். 2022ல அமெரிக்காவுல சில ரீஜனல் கம்பெனிங்க புது கோ-பைலட்டுக்கே மணிக்கு 90 டாலர்னு ஏத்துனாங்க. ஆனா அங்க சேரணும்னா பெரும்பாலும் 1,500 மணி நேரம் பறந்திருக்கணும், நம்ம ஊர்ல 200 மணி நேரத்துல சிபிஎல் வாங்கி கோ-பைலட்டா உக்காரலாம், அந்த 1,500ஐ கேப்டன் லைசென்ஸுக்குத்தான் கேப்பாங்க. அதுவுமில்லாம அந்த 90 டாலர் சும்மா வந்துடல. 2009 பிப்ரவரி 12 ராத்திரி பஃபலோ பக்கத்துல கோல்கன் ஏர் 3407ன்னு ஒரு டர்போப்ராப், ஏடிஆர் மாதிரியே ப்ரொப்பல்லர் விமானம், ஒரு வீட்டு மேல விழுந்துச்சு, விமானத்துல இருந்த 49 பேரும் அந்த வீட்டுல ஒருத்தரும் இறந்துட்டாங்க. வேகம் குறைஞ்சு எச்சரிக்கை வந்தப்ப கேப்டன் கன்ட்ரோலை முன்னாடி தள்ளாம பின்னாடி இழுத்ததுதான் முக்கியக் காரணம்னு விசாரணைல சொன்னாங்க. ஆனா அந்த விசாரணைல வெளிய வந்த மத்த விஷயங்கள்தான் என்னால இன்னைக்கும் மறக்க முடியாதது. கோ-பைலட் 24 வயசுப் பொண்ணு, வருஷ சம்பளம் 16 ஆயிரம் டாலர் பக்கம்தான்னு சொன்னாங்க, வேலை பார்க்குற ஊர்ல ரூம் இல்லாம அப்பா அம்மா வீட்டுல சியாட்டில்ல இருந்துக்கிட்டு ராத்திரி பூரா வேற விமானத்துல நாட்டோட அந்தக் கடைசில இருந்து இந்தக் கடைசிக்கு வந்து வேலைக்கு ஏறியிருக்கா, சளி வேற. இப்ப முடியலன்னு லீவு சொன்னா ஹோட்டலுக்கு நான்தான் காசு குடுக்கணும்னு அவ பேசுனது காக்பிட் ரெக்கார்டர்லயே இருக்கு. அந்தப் பொண்ணும் யாரோ ஒரு அப்பாவுக்கு பாப்பாதானே அண்ணா. செத்தவங்க குடும்பங்க வருஷக்கணக்கா போராடித்தான் 1,500 மணி நேர ரூலும், டியூட்டிக்கு முன்னாடி 10 மணி நேர ஓய்வுங்கிற ரூலும் வந்துச்சு.

நம்ம ஊர்லயும் ரூல் மாறியிருக்கு. பைலட்டுங்க டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போனப்புறம் விமானத் துறையைக் கண்காணிக்கிற டிஜிசிஏ, பைலட்டோட டியூட்டி நேரம், ஓய்வுக்கான ரூலான எஃப்டிடிஎல்லைப் புதுசாக்கி 2025 ஜூலை, நவம்பர்னு ரெண்டு கட்டமா கொண்டு வந்துச்சு. வார ஓய்வு 36 மணி நேரமா இருந்தது 48 ஆச்சு, ராத்திரின்னு கணக்கு வைக்கிற நேரம் முன்னாடி காலை 5 மணியோட முடிஞ்சது 6 மணி வரைக்கும் நீண்டுச்சு, ராத்திரி லேண்டிங் ஆறுல இருந்து ரெண்டா குறைஞ்சுச்சு. லேண்டிங் கூடக்கூட அன்னைக்கு டியூட்டி நேரம் சுருங்கணும்ங்கிறது முன்னாடியே இருந்த ரூல், பாப்பா மாதிரி நாலு செக்டர் பார்க்கிறவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. அந்த டிசம்பர்ல இண்டிகோ விமானங்க ஆயிரக்கணக்குல ரத்தாச்சே, புது ரூலுக்குத் தேவையான பைலட் ரெடியா இல்லாததுதான் அதுக்கு முக்கியக் காரணம். டிவில ஏர்போர்ட்டுல மாட்டிக்கிட்ட பயணிங்களைத்தான் காட்டுனாங்க, பைலட்டுக்கு ஏன் இந்த ஓய்வுன்னு ஒருத்தரும் நிதானமா சொல்லலைங்கிறது எனக்கு இன்னைக்கும் வருத்தம்தான்.

ஆனா ரூல் பேப்பர்ல 48 மணி நேரம் குடுத்தாலும் தூங்க வேண்டியது பாப்பாதான். எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்த ஒரு கேப்டன் வெதர் பேப்பரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனேன்னுதான் கேப்பார், அஞ்சுக்குக் கீழ சொன்னா அன்னைக்கு லேண்டிங் குடுக்க மாட்டார், பக்கத்துல உக்கார வச்சு ரேடியோ மட்டும் பார்க்க வைப்பார். உடம்பு முடியலைன்னா, அசதியா இருந்தா நான் ஃபிட் இல்லன்னு சொல்றது பைலட்டோட உரிமை இல்ல, கடமை. கம்பெனிங்க மூணு மாசத்துக்கு ஒருக்கா டிஜிசிஏவுக்கு பைலட்டுங்க அசதி பத்தின ஃபெட்டீக் ரிப்போர்ட் குடுக்கணும்னே புது ரூல்ல இருக்கு. இருந்தும் புதுசா சேர்ந்த பசங்க வாயைத் திறக்க மாட்டாங்க, ட்ரெயினிங் தள்ளிப் போயிரும், ரிலீஸ் லேட்டாகும், ரிலீஸ் லேட்டானா முழு சம்பளம் லேட்டாகும், இஎம்ஐ 5ஆம் தேதி டான்னு வந்து நிக்கும். இந்தச் சங்கிலியில உங்க கையில இருக்கறது அந்த இஎம்ஐ மட்டும்தான் அண்ணா. நாளைக்கே பேங்குக்குப் போய் மேனேஜர்கிட்ட அவ ட்ரெயினிங் லெட்டரைக் காட்டி, ரிலீஸ் ஆகற வரைக்கும் வட்டி மட்டும் கட்டுறோம் இல்லைன்னா லோன் காலத்தை நீட்டிக் குடுங்கன்னு எழுத்துல கேளுங்க, மொத்த வட்டி கூடத்தான் செய்யும், பரவால்ல. கேட்டுட்டு பாப்பாகிட்ட வாய்விட்டு சொல்லுங்க, முடியலைன்னா முடியலைன்னு சொல்லு சாமி, காசை நாங்க பார்த்துக்கறோம்னு. அவளா கேக்க மாட்டா, நீங்கதான் சொல்லணும்.

வீட்டுல அம்மாகிட்டயும் ஒண்ணு சொல்லிடுங்க. சளிக்கு அரிஷ்டம், இருமல் டானிக்னு டப்பாவுல போட்டு அனுப்பிடாதீங்க, அரிஷ்டத்துல இயற்கையாவே ஆல்கஹால் இருக்கு, மவுத்வாஷ்கூட ஆகாது, பிரீத் டெஸ்ட்ல மாட்டுனா லைசென்ஸே சஸ்பெண்ட் ஆகும். மாத்திரை எதுவா இருந்தாலும் ஏவியேஷன் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். லீவுல வர்றப்ப சொந்தக்காரங்க வீடு வீடா கூட்டிக்கிட்டுப் போகாம முதல் நாள் பூரா தூங்க விடுங்க.

ஜெட் கம்பெனிக்கு மாறுறது அப்புறம் பார்த்துக்கலாம். கோ-பைலட்டுக்கு நோட்டீஸ் 6 மாசம், கேப்டனுக்கு 1 வருஷம், அது 2017ல இருந்தே ரூல், அதோட இத்தனை வருஷம் விடமாட்டேன்னு அவ எழுதிக் குடுத்த பாண்ட்ல எத்தனை வருஷம், எவ்வளவு தொகைன்னு முதல்ல படிச்சுப் பாருங்க. இப்ப ட்ரெயினிங் நடுவுல விட்டா கையில ரிலீஸும் இருக்காது, பாண்ட் காசும் கட்டணும். ரிலீஸ் ஆகி ரெண்டு வருஷம் ஓட்டட்டும், அப்புறம் அவளே முடிவு பண்ணுவா.

சின்னவன் விஷயத்துல அவசரமே வேண்டாம். பிளஸ் டூல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்கான்னு பாருங்க. ஒரு ரூபா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி பைலட்டுக்கான உடல் தகுதிப் பரிசோதனை, அதாவது கிளாஸ் 2 மெடிக்கல், அது முடிஞ்சதும் கிளாஸ் 1 மெடிக்கல் எடுத்துடணும், லட்சக்கணக்குல கட்டிட்டு அப்புறம் கண்ணுலயோ காதுலயோ குறைன்னு நின்ன பசங்களை நான் பார்த்திருக்கேன். டிஜிசிஏ பரீட்சைக்கு வீட்டுல இருந்தே படிச்சு எழுதலாம், பாஸ் மார்க் 70, அதை எழுதிப் பார்த்தாலே அவனுக்கு இதுல எவ்வளவு ஆர்வம்னு தெரிஞ்சுடும். பறக்குற ட்ரெயினிங்குக்கு எங்கயோ போகணும்னு இல்ல, ஏர்போர்ட் அத்தாரிட்டி ரெண்டாவது சுத்துல ஃபிளையிங் ஸ்கூலுக்கு இடம் ஒதுக்குன ஊர்கள்ல சேலமும் ஒண்ணு. ஆனா எந்த ஸ்கூலா இருந்தாலும் நேர்ல போய் எத்தனை விமானம் இன்னைக்குப் பறக்குற கண்டிஷன்ல இருக்கு, எத்தனை இன்ஸ்ட்ரக்டர், போன பேட்ச் பசங்க 200 மணி நேரம் முடிக்க எத்தனை மாசம் ஆச்சுன்னு அங்க படிக்கிற பசங்ககிட்டயே கேளுங்க, ஆபீஸ்ல கேக்காதீங்க. மொத்தக் காசையும் ஒரே தடவைல கட்டச் சொன்னா எழுந்து வந்துடுங்க, பறந்த மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி தவணையா வாங்குற ஸ்கூலா பாருங்க. அவனை ஒரு ஞாயித்துக்கெழமை ஏற்காட்டுக்கு அனுப்பி வைங்க, நான் பேசறேன்.