'பெர்செப்ஷன்' என்ற சொல்: கேள்வி பதில்

தத்துவ மாணவி: ஐயா, புலன்களால் ஒன்றை உணர்ந்தறிவதைக் குறிக்கும் 'பெர்செப்ஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் என்ன?

இலத்தீன். 'கப்பேரே' என்றால் பிடித்தல். 'பெர்' என்ற முன்னொட்டு முழுமையைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்த 'பெர்கிப்பேரே' முழுவதுமாகக் கைக்கொள்வது. விளைச்சலைத் திரட்டுவதற்கும் உரோமானியர் இதே வினையைச் சொன்னார்கள். பிரான்சில் வரி வசூலிக்கும் அதிகாரிக்குப் 'பெர்செப்தர்' என்ற பெயர் அந்தப் பழைய பொருளில் வந்ததுதான்.

அறிவு சார்ந்த பொருளும் இலத்தீனிலேயே உண்டு. ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பிரிவினரின் 'கதாலெப்சிஸ்' என்ற கலைச்சொல்லுக்கு உரோமானிய எழுத்தாளர் சிசரோ தந்த இலத்தீன் சொற்களில் ஒன்று 'பெர்கெப்தியோ'. கிரேக்கச் சொல்லும் பற்றிக்கொள்ளுதலையே குறிக்கும். ஸ்டோயிக் ஆசான் ஸீனோ இதைக் கையாலேயே விளக்குவாராம். விரித்த கை, மனத்தில் படும் தோற்றம். விரல்களைச் சற்று மடக்கினால், அதை ஏற்கும் இசைவு. முட்டியாக மூடினால் பற்றுதல். பிறகு இடக்கையால் அந்த முட்டியை இறுகப் பிடித்து, இதுவே அறிவு, இது ஞானிக்கு மட்டுமே உண்டு என்பாராம். இதையும் சிசரோவே எழுதி வைத்திருக்கிறார்.

ஓர் எச்சரிக்கை: வேர் வேறு, இன்றைய பொருள் வேறு. வேரைக் காட்டி யாரும் வாதத்தில் வென்றுவிட முடியாது.

வங்கி ஊழியர்: ரிசப்ஷன், கான்செப்ட் எல்லாம் ஒரே குடும்பமா? 'ரசீது' கூடவா?

முதல் இரண்டும் ஆம். ரசீது இல்லை, அது பாரசீகம். 'வந்து சேர்ந்தது' என்று பொருள்படும் சொல் இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. ஓசை ஒத்தால் உறவு என்று முடிவுகட்டாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்: தமிழில் ஒரே சொல்லாக என்ன எழுதலாம்?

தத்துவத்தில் என்றால் 'காட்சி'. அளவை நூல்களில், அதாவது தர்க்க நூல்களில், நெடுங்காலமாக இருக்கும் சொல். உளவியல் பாடநூல் என்றால் 'புலன்காட்சி'.

தமிழாசிரியர்: ஏற்க முடியாது. காட்சி கண்ணுக்கு உரியது. செவியும் மூக்கும் என்ன ஆவது? 'புலனறிவு' என்பதே பொருத்தம்.

நீங்கள் தமிழாசிரியர், 'மாசறு காட்சி யவர்க்கு' என்று குறள் சொல்லும்போது கண் மருத்துவமா பேசுகிறது? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஐம்பொறிகளின் வழி வரும் அறிவை வாயிற்காட்சி என்கிறது. அதோடு நிற்காமல் மனத்தால் அறியும் மானதக் காட்சி, இன்ப துன்பங்களை உணரும் தன்வேதனைக் காட்சி, யோகத்தால் அறியும் யோகக் காட்சி என்றும் வகுக்கிறது. கடைசி மூன்றில் கண்ணுக்கு வேலையே இல்லை.

தமிழாசிரியர் (மீண்டும்): சைவ நூல் ஒன்றை வைத்துக்கொண்டு பொது விதி செய்யலாமா? 'புலனறிவு' எல்லோருக்கும் புரிகிறதே.

புரிகிறது, ஆனால் இரண்டு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் தாமஸ் ரீட் 1785இல் வெளியிட்ட நூலில் 'சென்சேஷன்' வேறு, 'பெர்செப்ஷன்' வேறு என்று பிரிக்கிறார். ரோஜாவை முகரும்போது எனக்குள் எழும் உணர்ச்சி முதலாவது. அதற்குக் காரணமான ஒன்று வெளியே பூவில் இருக்கிறது என்று கொள்வது இரண்டாவது. 'புலனறிவு' இதில் எது?

சைவம் மட்டுமல்ல, மணிமேகலைக்கும் வாருங்கள். அதில் வரும் பௌத்தத் துறவி அறவண அடிகள் 'சுட்டுணர்வைப் பிரத்தியக்கம் எனச் சொலி' என்று தொடங்கி (பிரத்தியக்கம் என்றால் காட்சி), பெயர், சாதி, குணம், செயல் ஆகியவற்றைத் தள்ளிவிடுகிறார். பெயர் சேர்ந்துவிட்டால் அது காட்சியே அல்ல என்ற பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் கொள்கைதான் இது. சித்தியாரோ அதே பெயர், சாதி, குணம், கன்மத்தோடு பொருளையும் கூட்டி, சவிகற்பக் காட்சி, அதாவது இன்னது என்று பிரித்தறியும் காட்சி, என்று உள்ளே சேர்த்துக்கொள்கிறது. மரத்தை 'மரம்' என்று அறிவதையே இன்றைய உளவியலார் பெர்செப்ஷன் என்கிறார்கள். அதனால் என் ஓட்டு சித்தியாருக்கு.

தமிழாசிரியர் (மூன்றாம் முறை): அப்படியானால் அறவண அடிகள் சொல்வதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். 'சுட்டுணர்வு' என்றே சொல்வேன். இதோ இது என்று சுட்டுவதோடு நின்று, இன்னது என்று சொல்லாத உணர்வு. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு மூன்று சொற்களைக் கோத்தாக வேண்டும்.

விளம்பரத் துறை நண்பர்: வாடிக்கையாளர்களின் 'பெர்செப்ஷன்' என்பதற்கு ஒரே சொல்?

அபிப்பிராயம். தத்துவத்தை விட்டுவிடுங்கள்.

இல்லத்தரசி: மாலையானால் அம்மா, இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொல்கிறார். இதுவும் காட்சி தானா?

சித்தியார் இதைத் திரிவு, அதாவது பிழையான காட்சி, என்னும், அம்மா. ஆனால் உங்களுக்கு வேண்டியது சித்தியார் அல்ல. முதுமையில் காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, மருந்தோகூட இப்படிச் செய்யும். மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கல்லூரி மாணவர்: ஈ.எஸ்.பி., அதாவது புலன்களுக்கு அப்பாற்பட்ட 'பெர்செப்ஷன்', உண்மையா?

அந்தப் பெயரைப் பரப்பியது அமெரிக்க ஆய்வாளர் ஜே.பி. ரைன் 1934இல் வெளியிட்ட நூல். பெயர் என் துறை. ஆவி என் துறை அல்ல.

போட்டித் தேர்வர்: தமிழில் ஒரே சொல்லாக என்ன எழுதலாம்?

பதில் மேலேயே வந்தாயிற்று, தம்பி. ஒரு மதிப்பெண் வினா என்றால் 'புலன்காட்சி' என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.