கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்

மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள், விடியும் முன்பே பேருந்து கிளம்புகிறது, ஒரு நாள் பாடமும் போகிறது, ஊருக்குப் புதிதான நாங்கள் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் தங்கச்சி. நானும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள்தான். பினாங்கில் இது எனக்குப் பத்தொன்பதாவது வருடம். என் பிள்ளைகள் இருவரும் இங்கேதான் தமிழ்ப்பள்ளியில் படித்தார்கள்.

அவ்வளவு சீக்கிரம் கிளம்புவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த விடியற்காலையில்தான் ரப்பர் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் அதிகம். அப்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். பத்து மணிக்குப் போய் இறங்கினால் பிள்ளைகள் பால் காய்ந்துபோன ஒரு கோடு மட்டும்தான் பார்ப்பார்கள்.

என் மகன் இந்தச் சுற்றுலாவுக்குப் போனபோது உதவிக்கு அம்மாக்களும் வரலாம் என்றார்கள். நான் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் அழைத்துப் போனேன். கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். அங்கே விளக்கம் சொன்னவர் 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்ததையும், அவற்றில் 9 பேராக்கிலுள்ள கோலகங்சாருக்குப் போனதையும் சொன்னார். உறைந்த பாலைத் தகடாக அழுத்தும் இயந்திரத்தைக் காட்டினார். தகடுகளைப் புகையில் உலர்த்தும் புகைக்கூண்டைக் காட்டினார். "மரத்தை யார் சீவினாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "தொழிலாளர்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

பாட்டி உளியைக் கேட்டு வாங்கினார். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, காகிதம் போல மெல்லிசாக ஒரு சீவல். வெள்ளைக் கோடு ஓடி வந்து பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் சொட்டியது. "ஆழமா போனா மரம் புண்ணாயிரும், அப்புறம் அந்த இடத்துல பட்டை முண்டு முண்டா வளரும்" என்றார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனது, மழை பெய்தால் வேலையும் இல்லை சம்பளமும் இல்லை என்று தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை மரம் பாட்டி?" என்றான் என் மகன். "நானூறு." பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நம் ஊரில் "மலாயாவுக்குப் போனார், திரும்பவில்லை" என்று எத்தனை குடும்பத்தில் கேட்டிருப்போம். கங்காணி ஆள் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி அனுப்பியவர்கள் வந்து இறங்கிய இடங்கள்தான் இவை. 1938இல்தான் இந்திய அரசு அந்தக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. உங்கள் மகளின் வகுப்பில் பலரும் அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகளாக இருப்பார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து அந்த மரத்தடியில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முந்தின நாள் இரவே நிரை (ஒருவர் சீவும் மர வரிசை), மங்கு, ஒட்டுப்பால் (சீவிய கோட்டில் காய்ந்து ஒட்டிய பால்), லயம் என்ற சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். இங்கே உள்ள தமிழர்கள் வீட்டில் புழங்கும் சொற்கள், புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

சரி, பையில் என்ன வைப்பது? முழுக்கைச் சட்டை, நீளக் காலுறை, கொசு மருந்து, மாற்றுத்துணி ஒன்று. பால் துணியில் பட்டுக் காய்ந்தால் போகவே போகாது, அதனால் பழைய சட்டையாக இருக்கட்டும். சைவம் என்றால் ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பேருந்து ஏறும் முன் லேசாகப் பசியாற வையுங்கள். காட்டுப்பாதை வளைவில் என் மகளுக்குக் குமட்டல் வந்துவிட்டது. உங்கள் தெருவில் தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டி யாராவது இருந்தால், அவரையும் கூட்டிப்போகலாமா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.