வாட்ஸாப் குழுவில் சேர்ந்தபின் சபையை விட்டுப் பிரியச் சொல்கிறார் அண்ணன், என்ன செய்வது?

உங்கள் அண்ணன் விடியற்காலையில் வேதாகமத்திலிருந்து, பவுல் எழுதிய 2 கொரிந்தியர் 6:17-ஐ அனுப்பி, ‘புறப்பட்டுப் பிரிந்துபோய்’ என்ற சொற்களை மட்டும் தடித்த எழுத்தில் காட்டுகிறார் என்று ஊகிக்கிறேன். என் தம்பியும் இப்படியொரு குழுவில் சேர்ந்து அப்படித்தான் தொடங்கினான்.

இராணிப்பேட்டைப் பக்கத்தவர்கள் நாங்கள். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழியாக வந்த குடும்பம். வெவ்வேறு மிஷன்களின் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனதைத் தாத்தா பெருமையாகச் சொல்வார். அந்த வீட்டிலேயே, எங்கள் சபையைக் கெட்டுப்போன பாபிலோன் நகரமாக்கி, ‘பாபிலோனை விட்டு வெளியே வாருங்கள்’ என்ற குரல் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தம்பியோடு வசனத்துக்கு வசனம் வாதாடினேன். மூன்று வசனம் மேலே, 14ஆம் வசனத்தில், பவுல் பேசுவது அவிசுவாசிகளைப் பற்றி என்று சுட்டிக்காட்டியதற்கு, “உங்களையும் சேர்த்துத்தான் அண்ணா” என்றான்.

நம் திருச்சபையில் குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, வளர்ந்தபின் நீரில் மூழ்கிப் பெறும் முழுக்கு ஞானஸ்நானமும் உண்டு, ஆனால் ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுப்பதில்லை. அவனோ 2021 மார்ச்சில் ஒரு பம்புசெட் தொட்டியில் மறுபடியும் மூழ்கி எழுந்தான். முழுக்கு ஞானஸ்நானச் சபைகளை நான் இழிவுபடுத்துவதாக யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். என் மனைவியின் பிறந்தகமே அப்படிப்பட்ட சபைதான்.

அவனை இழுத்தது உபதேசம் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன்; அது அல்ல. 2020 ஊரடங்கில் கொரோனா வந்து அவன் மாடி அறையில் தனியாகக் கிடந்த 14 நாளும், முகம் பார்த்திராத அந்தக் குழுவினர் காலையும் மாலையும் அழைத்து ஜெபித்திருக்கிறார்கள். எங்கள் குருசேகரத்திலிருந்து, அதாவது எங்கள் ஆயரின் கீழுள்ள சபையிலிருந்து, போன அழைப்பு ஒன்றே ஒன்று. அதுவும் சந்தா பாக்கியைக் கேட்டு. அழைத்தவன், அப்போது பொருளாளராக இருந்த நான். பாக்கி இருந்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தர யோசிக்கிற கமிட்டிகள் நம்மிடையே இருக்கும்வரை, பிரிவினைக்காரர்களுக்கு யூடியூப் தேவையே இல்லை என்பது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்.

ஆகவே அண்ணனுக்குப் பதில் வசனம் தேடுவதை விடுங்கள். கடைசியாக அவர் படுத்திருந்தபோது யார் விசாரித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தம்பி இன்னும் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை என்பவனுக்கு டிசம்பரில் அதிரசம் கொடுத்தனுப்புகிறேன், டப்பா காலியாகத் திரும்பி வருகிறது.