பிள்ளைக்குப் போன் எந்த வயதில்? ரங்கூன் போன் கடைக்காரரின் கேள்வி பதில்

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில், ரங்கூனில் போன் விற்று, பழுது பார்த்து 17 வருடமாகப் பிழைக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பிள்ளைகளின் போன் பற்றி நம் வைபர் செய்திக் குழுவில் கேட்டால் பதில் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். நான் டாக்டரோ வாத்தியாரோ இல்லை. கடைக்கு வரும் போன்களையும், அவற்றைக் கொண்டு வரும் பெற்றோரையும் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேளுங்கள்.

கேள்வி (தட்டோன், ஓர் அம்மா): அண்ணா, பையனுக்கு 9 வயது. டியூஷன் முடிந்து தனியாக வருகிறான். வகுப்பில் எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று தினம் அழுகை. வாங்கித் தரலாமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. வழியில் ஏதாவது ஆனால் அவன் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பது உங்கள் தேவை. கூட்டாளிகள் மாதிரி விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. உங்கள் தேவைக்குப் பட்டன் போன் போதும். விலை குறைவு, ஒரு தரம் சார்ஜ் போட்டால் பல நாள் வரும், கரண்ட் இல்லாத நாளில் டார்ச்சும் ஆகும். 9 வயதுக்கு டச் போன் வேண்டாம் என்பதே என் பதில்.

"எல்லோரிடமும் இருக்கிறது" என்பதையும் விசாரியுங்கள். கடையில் இதைச் சொல்லும் பெற்றோரிடம் பெயர் கேட்பேன். மூன்று பெயருக்கு மேல் வராது. அந்த மூன்று வீட்டுக்காரர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தால் பிள்ளைகளின் அழுகை பாதி குறையும்.

கேள்வி (ரங்கூன், ஓர் அப்பா): பேஸ்புக், டிக்டாக் எல்லாம் 13 வயது என்கிறார்கள். அப்படியென்றால் 13 ஆனால் பிள்ளைக்கு மூளை பக்குவப்பட்டுவிடும் என்று அர்த்தமா?

பதில்: நல்ல கேள்வி. இல்லை. அந்த 13 டாக்டர்கள் சொன்ன வயது இல்லை. 1998-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையக் கம்பெனிகள் சேகரிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். ஒவ்வொரு பெற்றோரிடமும் சம்மதம் வாங்குவதைவிட "13-க்குக் கீழே வராதே" என்று எழுதிவிடுவது கம்பெனிகளுக்குச் சுலபம். அந்த வரிதான் உலகம் முழுக்க வயது வரம்பாக நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் அது போதாது என்று 16-க்குக் கீழே கணக்கே கூடாது எனச் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் அமலில் வைத்திருக்கிறார்கள். ஆக 13 என்பது கதவில் எழுதிய எண், அவ்வளவுதான். உள்ளே போகும் பிள்ளை தயாரா என்று பார்ப்பது நம் வேலை.

இதோடு ஒன்று. கணக்குத் திறக்கும்போது பிறந்த வருடத்தைப் பொய்யாகப் போடாதீர்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி (பெகு, ஓர் அம்மா): மகளுக்கு 11 வயது. மெசெஞ்சரில் யாரோடு பேசுகிறாள் என்று தெரியவில்லை. கேட்டால் போனைத் திருப்பிக்கொள்கிறாள். பிடுங்கி வைக்கலாமா?

பதில்: அக்கா, இதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடியபோது என் மகளுக்கும் 11 வயது. பாடம் போனில் வரும் என்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். பேஸ்புக் கணக்கையும் நானே திறந்து கொடுத்தேன். 11 என்று போட்டால் விடாது, அதனால் 1998-இல் பிறந்தவள் என்று போட்டேன். கடையில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் செய்து கொடுத்திருந்தேன். அந்த ஒரு எண்ணால் அவள் 22 வயதுப் பெண் ஆகிவிட்டாள். பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. முன்பின் தெரியாதவன் எவனும் அவளுக்குச் செய்தி அனுப்பலாம் என்று ஆனது.

ஒருவன் அனுப்பினான். தன்னையும் 12 வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டான். முதலில் பாட்டு, பூனைப் படம். அப்புறம் முகப் படம் கேட்டான், கொடுத்திருக்கிறாள். பிறகு வேறு மாதிரிப் படம் கேட்டு, தராவிட்டால் முகப் படத்தைக் கெட்ட படத்தோடு ஒட்டிப் போடுவேன் என்று மிரட்டினான். என் மகள் அனுப்பவில்லை. ஆனால் நான்கு மாதம் அந்தப் பயத்தோடு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். சோறு குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தார்.

ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "தப்பு ஏதாவது நடந்தால் போனைப் பிடுங்கிவிடுவேன் என்று சொன்னீர்களே அப்பா" என்றாள்.

சொன்னது உண்மைதான். போனைக் கையில் கொடுத்த அன்றே சொன்னேன், கண்டிப்பான அப்பா என்ற நினைப்பில். சிக்கல் வந்தால் என்னிடம் வராதே என்று அதற்கு அர்த்தம் ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் பிடுங்காதீர்கள் அக்கா. இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "உள்ளே என்ன இருந்தாலும் உன்னைத் திட்டமாட்டேன், போனும் உன்னிடம்தான் இருக்கும்" என்று முதலில் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அதற்கப்புறம் சேர்ந்து பாருங்கள். தெரியாதவன் யாராவது மிரட்டியிருந்தால் எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு ரிப்போர்ட், பிறகு பிளாக். பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பான். பிள்ளையின் தவறான படம் உண்மையிலேயே வெளியே போய்விட்டது என்றால், 18 வயதுக்குக் கீழே எடுத்த படங்களுக்காக "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும். அதை வைத்துப் பேஸ்புக், டிக்டாக் போன்ற இடங்களில் அந்தப் படத்தைத் தேடி எடுப்பார்கள்.

பிள்ளைக்குப் போன் தரும் வயது வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டால், நான் பார்ப்பது இதைத்தான். ஏதாவது உடைத்துவிட்டால், காசு தொலைத்துவிட்டால், தானாக வந்து சொல்கிற பிள்ளையா? சொன்னால் அடி விழாத வீடா?

கேள்வி: போன் கதிர்வீச்சால் பிள்ளைக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: போன் அலைக்கு எக்ஸ்ரே மாதிரி உடம்பின் உயிரணுக்களில் உள்ள டிஎன்ஏவை உடைக்கும் சக்தி கிடையாது. அதைவிடத் தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் போனுக்குப் பயப்படுங்கள்.

கேள்வி: 6 வயது மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறான். போனால்தானா?

பதில்: கண் டாக்டரிடம் போங்கள். நான் சொல்லக் கூடாது.

கேள்வி (ரங்கூன்): என் மகனுக்கு 10. எந்த வயதில் தரலாம்?

பதில்: மேலே தட்டோன் தங்கச்சிக்கும் பெகு அக்காவுக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (மோல்மீன், ஒரு தாத்தா): தம்பி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் பேத்திக்கு 7 வயது. வீட்டில் அப்பா அம்மா பர்மிய மொழிதான் பேசுகிறார்கள். அவள் யூடியூபில் தமிழ் பார்த்துத்தான் என்னோடு தமிழில் பேசுகிறாள். போன் வேண்டாம் என்றால் அவளுக்குத் தமிழும் போய்விடும்.

பதில்: ஐயா, 7 வயதில் அது உங்கள் போனாக இருக்கட்டும். உங்கள் மடியில், உங்கள் கையில். தமிழுக்கு நான் தடை சொல்லவில்லை.

குறுக்கே (பெகு, கோயில் வகுப்பில் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியை): மன்னிக்கவும், இதில் நான் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறையில் மூன்று மாதம் பிள்ளைகளை வைத்து அ, ஆ சொல்லித் தருகிறேன். யூடியூப் பிள்ளைகள் கார்ட்டூன் வசனத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் பதில் வராது. அது பேச்சா?

மோல்மீன் தாத்தா: என் பேத்தி பதில் சொல்கிறாள் அம்மா. வகுப்பு வருடத்தில் மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதம் யார் பேசுவது?

ஆசிரியை: நீங்கள் பேசுங்கள் ஐயா. போன் திருத்தாது, நீங்கள்தான் திருத்துவீர்கள்.

பதில்: இரண்டு பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இது எனக்கும் நெஞ்சில் இருக்கிற விஷயம். என் மகள் தூத்துக்குடியில் இருக்கும் அவள் அத்தைக்குத் தமிழில் செய்தி அனுப்பினாள், பர்மிய எழுத்தில். அத்தைக்கு ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அன்றுதான் கீபோர்டில் தமிழ் கையெழுத்து முறையைப் போட்டுக் கொடுத்தேன். விரலால் "அ" எழுதினால் திரையில் "அ" வரும். முதல் வாரம் ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆனது. இப்போது அத்தையோடு தமிழிலேயே சண்டை போடுகிறாள். டீச்சர் சொல்வது இங்கே சரி: திருப்பிப் பேச மறுபக்கம் ஓர் ஆள் இருந்ததால்தான் தமிழ் வந்தது, கார்ட்டூன் மட்டும் பார்த்திருந்தால் வந்திருக்காது. தாத்தா சொல்வதும் சரி: போன் இல்லாவிட்டால் அந்த அத்தை எங்கே, இவள் எங்கே?

ஆசிரியை: விரல் எழுத்தில் சுழி எங்கே தொடங்குகிறது என்று அது பார்ப்பதில்லை. கோணலாக எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறது. பிறகு நோட்டில் கை திருந்த மாட்டேன் என்கிறது.

பதில்: ஒத்துக்கொள்கிறேன் டீச்சர். நோட்டு உங்களிடம், அத்தைக்குக் கடிதம் போனில். தாத்தா, நீங்கள் வீடியோவை நடுவில் நிறுத்தி, "இப்போது அவன் என்ன சொன்னான்?" என்று பேத்தியைக் கேளுங்கள். தமிழில் பதில் சொன்னால்தான் மறுபடி ஓடும் என்று வையுங்கள். டீச்சர் இதையாவது ஏற்றுக்கொள்வார்.

ஆசிரியை: அதை ஏற்கிறேன்.

கேள்வி: ஆண் பிள்ளைக்கு 12-இல் தரலாம், பெண் பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்கும் தேவையில்லை என்று என் மாமியார் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. கேமில் காசு போவது, தெரியாதவன் மிரட்டுவது எல்லாம் பையன்களுக்கும் நடக்கிறது. பெண்ணைவிடப் பையன் வெளியே சொல்லவும் வெட்கப்படுவான். ஒரே விதி, இரண்டு பேருக்கும்.

கேள்வி: மகன் என் போனில் மொபைல் லெஜண்ட்ஸ் கேமுக்கு, பணம் அனுப்பும் கேபிஇசட் பே ஆப்பிலிருந்து பணம் போட்டுவிட்டான்.

பதில்: பின் எண்ணை மாற்றுங்கள். அவன் பிறந்த தேதியை வைக்காதீர்கள். போட்ட பணத்தை அவன் கைச்செலவிலிருந்து மாதாமாதம் கழியுங்கள்.

கேள்வி: மகளுக்கு 12 முடியப் போகிறது. தரலாமா?

பதில்: மறுபடியும் இதே கேள்வி. வயதை மட்டும் சொல்லிக் கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பிள்ளை எப்படி, வீடு எப்படி, எதற்குப் போன் என்று எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

கேள்வி (ரங்கூன், ஓர் அப்பா): வைஃபையில் தவறான தளங்கள் வராதபடி வடிகட்டி போட்டேன். அப்படியும் மகன் எல்லாம் பார்க்கிறான். எப்படி?

பதில்: விபிஎன், அதாவது தடுத்த தளத்துக்கும் வேறு வழியாகப் போக வைக்கும் ஆப். 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கைத் தடுத்த நாளிலிருந்து நம் ஊரில் பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது. விபிஎன் போட்டால் வீட்டு வடிகட்டிக்கு எதுவும் தெரியாது. இலவச விபிஎன் ஆப்களில் வரும் விளம்பரங்களே பிள்ளை பார்க்கக் கூடாதவை. வழியில் நிறுத்தி, விபிஎன் இருக்கிறதா என்று போனை வாங்கிப் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியும், சிம்மோ உங்கள் பெயரில். பிள்ளையின் போனில் விபிஎன் வேண்டாம். பேஸ்புக் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் போனில், உங்கள் முன்னால்.

கேள்வி (ரங்கூன், ஓர் அம்மா): கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரி வந்தால்தான் சார்ஜ். அதனால் மகன் போனைப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறான். என்ன செய்ய?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ராத்திரி 1 மணிக்குக் கரண்ட் வரும், "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு) என்று தெருவே கத்தும். பையன் எழுந்து சார்ஜ் போடுவான். போட்டவன் ஒரு தடவை திறந்து பார்ப்பான், விடிந்துவிடும். மறுநாள் பள்ளியில் தூக்கம். கடைக்கு வரும் அம்மாக்கள் "படிப்பு போச்சு" என்று சொல்லும்போது, போன் எங்கே தூங்குகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

வீட்டுப் போன்கள் எல்லாவற்றுக்கும் கூடத்தில் ஒரே ஒரு பலகை. எக்ஸ்டென்ஷன் பலகை போட்டு, சுவிட்சை ஆன் செய்தே வைத்து, படுக்கும் முன் எல்லாப் போனையும் மாட்டிவிடுங்கள். கரண்ட் வரும்போது தானாக ஏறும், யாரும் எழ வேண்டாம். தரம் இல்லாத சார்ஜர் வேண்டாம், பலகைக்குப் பக்கத்தில் துணி, மெத்தை வேண்டாம். எழுப்ப அலாரம் வேண்டும் என்பான், ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். உங்கள் போனும் அதே பலகையில்தான் தூங்க வேண்டும். 2014-இல் 1500 கியாட்டுக்கு மலிவாக சிம் வந்தபோதுதான் நம்மில் பாதிப் பேர் முதல் போனையே எடுத்தோம். அந்த வருடம் பிறந்த பிள்ளைதான் இன்று நம்மிடம் போன் கேட்கிறது. நாமும் அவர்கள் அளவுதான் இதில் பழகியிருக்கிறோம்.

கேள்வி: எந்த மாடல் வாங்கலாம்?

பதில்: இன்று வியாபாரம் பேசவில்லை. கடைக்கு வாருங்கள்.

கேள்வி (அம்மாவின் போனிலிருந்து, 12 வயது): மாமா, நான்தான் மேலே "12 முடியப் போகிறது" என்று அம்மா எழுதியது. அம்மாவிடம் எப்படிக் கேட்டால் தருவார்கள்?

பதில்: கண்ணு, உன் அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், நான் வருத்தப்பட்டதாகச் சொல்லு. நீ ஒரு தாளில் மூன்று விஷயம் எழுது. போன் எதற்கு வேண்டும்? ராத்திரி அது எங்கே இருக்கும்? தெரியாதவர் யாராவது எழுதினால் எத்தனை நிமிஷத்தில் அம்மாவிடம் காட்டுவாய்? அதன் கீழே அம்மாவும் ஒரு வரி எழுதட்டும்: "நீ காட்டினால் திட்டமாட்டேன்." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு சேர்ந்து கடைக்கு வாருங்கள். பிறந்த வருடத்தை உள்ளபடி போட்டு நானே எல்லாம் அமைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.