கடைசி வருஷம் வகுப்பு இல்லாத பட்டம்: சேலம் செவ்வாய்ப்பேட்டை அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அண்ணா.

உங்கள் கடிதம் வந்தது. பாப்பா பிளஸ் டூவில் வணிகவியல் முடித்துவிட்டு, சரக்குப் போக்குவரத்தும் கிடங்கு நிர்வாகமும் சொல்லித் தரும் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தக் கல்லூரியிலோ கடைசி ஒரு வருஷம் வகுப்பே கிடையாது, கம்பெனியில்தான் என்கிறார்கள். “மூணு வருஷத்துக்கு ஃபீஸ் வாங்கிக்கிட்டு ரெண்டு வருஷத்துக்குத்தானே பாடம் நடத்துறாங்க?” என்று நீங்கள் எழுதிய இடத்தில் சிரித்துவிட்டேன். வெள்ளியைத் துளி பிசகாமல் நிறுத்து வாங்குகிறவர் வேறு எப்படிக் கேட்பார்! ஆனால் கேள்வி நியாயமானது. அதற்கு நேரான பதில், அந்த மூன்றாவது வருஷத்தில் பாப்பாவுக்கு யார், எதை, எந்த மாதத்தில் சொல்லித் தரப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கல்லூரி எழுத்தில் காட்டினால் சேருங்கள். வாயால் மட்டும் சொன்னால் வேண்டாம்.

முதலில் பட்டம் செல்லுமா என்ற பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது கல்லூரிக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. தொழிற்பயிற்சி இணைந்த பட்டப்படிப்பு என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025-இல் அதைத் திருத்திப் புதிதாகவும் கொண்டுவந்தது. மூன்று வருஷப் பட்டத்தில் ஒரு செமஸ்டர் முதல் மூன்று செமஸ்டர் வரை நிறுவனத்தில் இருக்கலாம். அங்கே இருக்கும் நேரமும் படிப்புக் கணக்கில் சேரும். தேசியக் கிரெடிட் கணக்குப்படி வருஷத்துக்கு 1,200 மணி நேரம், அதற்கு 40 கிரெடிட், அதாவது படித்த அளவுக்குத் தரும் புள்ளி. மூன்று வருஷப் பட்டத்துக்கு மொத்தம் 120 என்றால், கம்பெனியில் கழிக்கும் ஒரு வருஷம் அதில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது அந்த வருஷம் விடுமுறை மாதிரி கிடையாது. அதில் கோட்டை விட்டால் பட்டமே நிற்கும்.

சான்றிதழைப் பல்கலைக்கழகம்தான் கொடுக்கும், கம்பெனி கொடுக்காது. நம் பக்கத்து இணைப்புக் கல்லூரி என்றால் பெரியார் பல்கலைக்கழகம். டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியுமா என்று அண்ணி கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு மூன்று வருஷப் பட்டம் என்ற வரிசை குலையவில்லை. ஆகவே எழுதலாம். கல்லூரிக்கு அந்தப் பாடப்பிரிவில் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். “அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொலுசுப் பட்டறைக்கு ஒரு பையன் வேலை பழக வந்தால் முதல் நாளே அவனைப் பற்றவைக்க உட்கார வைப்பீர்களா? கொஞ்ச நாள் எடுபிடி. அப்புறம் கம்பி இழுக்கும் இடத்தில் நிற்பான். வளையம் கோர்ப்பான், சலங்கை கட்டுவான். கை படிந்த பிறகுதான் நெருப்புப் பக்கம் விடுவீர்கள். மெருகு, எடை, சேதாரக் கணக்கு எல்லாம் அதற்கும் பின்னால். எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் கை பிடித்துச் சொல்ல ஒரு பெரியவரும் இருப்பார். பல்கலைக்கழகம் கம்பெனியிடம் கேட்பதும் இதே வரிசையைத்தான், ஆனால் எழுத்தில். பட்டறையில் ஆறு வருஷம் பழகிய பையன் வேறு ஊருக்குப் போனால், தான் கற்றதைக் காட்ட அவனிடம் ஒரு தாளும் இருக்காது. பாப்பாவுக்குத் தாளும் இருக்கும். அந்த வரிசையும் உண்மையாக நடந்தால், இரண்டும் கையில் இருக்கும்.

நடக்காமல் போவதும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நான் பாலிடெக்னிக்கில் சாண்ட்விச் டிப்ளமா படித்தவன். சாதாரண டிப்ளமாவைவிட அரை வருஷம் கூடுதல். நடுவில் ஆறு மாதம், கடைசியில் ஆறு மாதம் என்று இரண்டு தடவை தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். முதல் தடவை போன இடத்தில் என்னை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். போல்ட், நட்டு எண்ணி லெட்ஜரில் எழுதினேன், டீ வாங்கி வந்தேன். ஆறு மாதமும் அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. முடிவில் சீனியர் எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்து நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன், மார்க்கும் வந்தது! இரண்டாவது இடம் அதைவிடச் சின்னக் கம்பெனி. ஆனால் அங்கே ஒரு ஃபோர்மேன் இருந்தார். முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த வாரம் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் அதே மெஷின்தான். எனக்கு இன்றைக்குத் தெரிந்த தொழிலில் பாதி அந்த நோட்டில் இருந்து வந்தது. கம்பெனியின் பெயர், கட்டடம், ஏ.சி. எதுவும் இதில் கணக்கில்லை என்று அப்போது புரிந்தது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் மாலை நேர பி.இ. முடித்தேன். மூன்றரை வருஷம் தூக்கம் போனது, அது தனிக் கதை.

ஆகவே கல்லூரிக்குப் போகும்போது “வேலை கேரண்டியா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், அவர்களும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள். மாணவர், கல்லூரி, நிறுவனம் மூவரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. போன வருஷத்து ஒப்பந்தத்தின் மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். அதோடு பயிற்சித் திட்டத்தையும் கேளுங்கள். முதல் மூன்று மாதம் கிடங்கில் சரக்கு வரவு, அடுத்து பில் போடுவது, வண்டியில் சரக்கோடு போகும் இ-வே பில், அடுத்து வண்டி ஒதுக்குவது, கடைசியில் வாடிக்கையாளர் கணக்கு என்று மாதவாரியாக இருக்க வேண்டும். வெறுமனே “இண்டஸ்ட்ரி எக்ஸ்போஷர்” என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தால் பாப்பா பன்னிரண்டு மாதமும் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொறுப்பாளர் யார், கல்லூரி ஆசிரியர் எத்தனை தடவை நேரில் போவார், மார்க்கை யார் போடுவார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கம்பெனி கையை விரித்துவிட்டால் வேறு இடம் பார்த்துத் தருவது யார்? இந்தக் கேள்விக்கு மட்டும் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பயிற்சி 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின் கீழ் வருகிறது. 2019-இல் திருத்திய விதிப்படி பட்டப்படிப்புப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தின் போர்ட்டலில் பதிவு செய்திருந்தால் அதில் ஒரு பங்கை மத்திய அரசு தரும். சேரும் வருஷத்தில் தொகை என்னவென்று அந்தப் போர்ட்டலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதிவு எண் பாப்பாவின் கையில் இருக்க வேண்டும், பணம் அவள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். கையில் ரொக்கமாகத் தருகிறோம், அல்லது வந்ததில் பாதியைத் திருப்பிக் கொடு என்று யாராவது சொன்னால் அது மோசடி, வேறு பெயரில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணில் பழகுநர் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லை. பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். ஓவர்டைம் வேலை வாங்க வேண்டுமானால் அரசின் பழகுநர் பயிற்சி ஆலோசகரின் அனுமதி வேண்டும், கம்பெனி தன் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்க முடியாது. பயிற்சியின்போது விபத்தில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பயிற்சி முடித்தவர்களை எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதையும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கே பயன்படும் ஒரு தகவல். முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேர் முதல் இருபத்தொன்பது பேர் வரை உள்ள இடம் விரும்பினால் எடுக்கலாம். உங்கள் தெருவில் பாதிப் பட்டறைகள் இரண்டு பேர், மூன்று பேரோடு ஓடுவதால் இந்த வாசலுக்கே வர முடியாது. கொலுசுத் தொழிலுக்கு ஒரு பட்டப்படிப்பு இப்படி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. சரி, அது கிடக்கட்டும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 27 மாணவர்களை வைத்துத் தொடங்கினார், வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்து வருஷ சாண்ட்விச் பி.இ. உண்டு என்பது உங்கள் உறவில் யாருக்காவது தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் 2015-இல் வந்த பட்டப் பழகுநர் முறையில் மாணவர் முதல் நாளிலிருந்தே சம்பளம் வாங்கும் ஊழியர், கல்லூரிக் கட்டணம் அவர் தலையில் விழாது. இங்கே கட்டணத்தை நாம்தான் கட்டுகிறோம். இணையத்தில் அந்த ஊர்க் கதையைப் படித்துவிட்டு பாப்பா “எல்லாம் ஃப்ரீப்பா” என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வேலையோடு சேர்ந்து படிப்பது எல்லாருக்கும் ஒரே அச்சில் வராது. ஏற்காட்டிலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்தான். மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் விடுதி வேலை. நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பு, வீட்டோடு எல்லாரும் எஸ்டேட்டில். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் சேலம் வந்து வகுப்பில் உட்கார அவனால் முடியாது. வருகைப்பதிவு 75 விழுக்காடு என்றால் அவன் படிப்பு முதல் வருஷத்திலேயே நின்றிருக்கும். அவனை ஆன்லைன் பட்டத்தில் சேரச் சொன்னேன். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன், தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் அறிவித்திருக்கிறது. பாப்பா நிலை அப்படியில்லை. அவள் தினமும் போய் வரலாம், ஆகவே இதை அவளுக்குச் சொல்ல மாட்டேன். பதினெட்டு வயதில் வகுப்புத் தோழிகளும் ஒரு பாடம்தான்.

எச்.சி.எல். என்ற மென்பொருள் நிறுவனத்தின் டெக்பீ திட்டம் மாதிரி பிளஸ் டூ முடித்ததும் பயிற்சி, அப்புறம் வேலையோடு பட்டம் என்று போகும் வழியும் இருக்கிறது. ஆனால் அதன் ஐ.டி. வேலைகளுக்குக் கணக்குப் பாடம் கேட்பார்கள். பாப்பா எடுத்த குரூப்பில் அது இல்லை என்பதால் விடுங்கள். பிட்ஸ் பிலானி 1979-லிருந்து நடத்தும் பணியோடு இணைந்த படிப்புகள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. நாலைந்து வருஷம் கழித்து அவளுக்கு அது பயன்படலாம்.

அண்ணியின் கவலை வேறு என்று புரிகிறது. கடைசி வருஷம் எந்த ஊரில், எந்த ஷிஃப்டில் என்பதுதானே? கிடங்கு வேலைகள் நகரத்துக்கு வெளியே, பைபாஸ் ஓரம்தான் இருக்கும். ஆகவே பயிற்சி இடங்களின் பட்டியலைக் கேட்டு, அதில் சேலத்துக்குள் எத்தனை, ஓசூரிலும் சென்னையிலும் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். வெளியூர் என்றால் தங்குமிடச் செலவு போக அந்த உதவித்தொகையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. இரவு ஷிஃப்ட் உண்டா, வண்டி உண்டா, பெண்கள் எத்தனை பேர் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள் என்பதைப் போன வருஷம் போய் வந்த ஒரு மாணவியிடமே கேட்பது நல்லது. கல்லூரி அப்படி ஒரு மாணவியின் நம்பரைக் கொடுக்கத் தயங்கினால் எனக்குச் சந்தேகம் வரும்.

விண்ணப்பக் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டறை விடுமுறை நாளாகப் பார்த்து அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கேள்விகளைப் பாப்பாவே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பயிற்சித் திட்டத் தாள் கிடைத்தால் போனில் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுகிறேன்.