டீசல் வண்டியில் தாவர எண்ணெய்: டேங்கைச் சூடாக்கினால் போதுமா?

பழைய டீசல் வண்டியைத் தாவர எண்ணெயில் ஓடும்படி மாற்றப் போகிறேன், டேங்குக்குள் ஒரு ஹீட்டர் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். டேங்கில் எண்ணெய் நன்றாகச் சூடாகத்தான் இருந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் காற்றடிக்கும் குழாய் வழியே இன்ஜின் வரை வந்து சேர்வதற்குள் ஆறிப்போய், எரிபொருள் பம்பின் வாயில் வெதுவெதுப்புகூட மிஞ்சவில்லை. சூடு வேண்டியது அந்த இடத்தில்தான்.

ஏன் என்றால், 40 டிகிரி செல்சியஸில் தாவர எண்ணெய் டீசலைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு கெட்டி. எரிபொருளை இன்ஜினுக்குள் தூவும் இன்ஜெக்டரோ டீசலுக்கென்று செய்தது. கெட்டி எண்ணெய் பனிபோலத் தூவாமல் பெரிய துளிகளாக விழும், முழுதாக எரியாது. இன்ஜெக்டர் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலந்துவிட்டால் ஆயிலே கூழாகிவிடும். கடைசியில் சொன்னதுதான் மிக மோசம், வெளியே தெரியாமல் நடக்கும். அதனால் இன்ஜின் ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

70, 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தக் கெட்டித்தன்மை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்போதும் அது டீசல் ஆகிவிடாது, டீசலைவிட மூன்று, நான்கு மடங்கு கெட்டியாகத்தான் இருக்கும். இதை மறந்துவிட்டுக் குளிர்ந்த இன்ஜினிலேயே எண்ணெய்க்கு மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, நல்ல இன்ஜின்கள் அப்படித்தான் வீணாகின்றன.

சரி, சூட்டை எங்கிருந்து எடுப்பது? ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் எரிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெயை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 180 வாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 15 ஆம்பியர், ஆல்டர்னேட்டருக்கு நல்ல சுமை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீரோ எப்படியும் 80, 90 டிகிரியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் ஹோஸில் ஒரு தகடு வகை வெப்பமாற்றியைச் சேர்த்து, பம்புக்கு முடிந்தவரை பக்கத்தில் வையுங்கள். ஃபில்டரையும் சூட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் அது அடைத்துக்கொள்ளும். டேங்க் ஹீட்டர், எண்ணெய் உறையாமல் ஓடிவர உதவும். அதன் வேலை அவ்வளவுதான்.

இங்கே பலர் தவறவிடுவது ரிட்டர்ன் குழாய். இன்ஜின் எரிப்பதைவிட அதிகமாகவே பம்ப் எண்ணெயை இழுத்து மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது டேங்குக்கே போனால் சூடான எண்ணெயை அனுப்பிவிட்டு ஆறியதை மறுபடி மறுபடி சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். ரிட்டர்னைப் பம்பின் உள்வாயிலேயே சேர்த்துவிட்டால் இந்த விரயம் இல்லை. ஆனால் அந்தச் சுற்றில் காற்று மாட்டிக்கொள்ளும், அது வெளியேற வழி வைக்க வேண்டும்.

செம்புக் குழாய் மலிவாகவும் வளைக்கச் சுலபமாகவும் இருக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள். சூடான தாவர எண்ணெய் செம்பில் பட்டால் சீக்கிரம் பிசின் பிடிக்கும். அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள்.

டீசலுக்குத் தனி டேங்க் கட்டாயம். டீசலில் கிளப்பி, பம்பின் வாயில் 70 டிகிரி வந்த பிறகுதான் எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதற்கு அந்த இடத்திலேயே ஒரு சென்சார் பொருத்துங்கள், டேஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை மட்டும்தான். அப்புறம், நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் முன்பே டீசலுக்குத் திரும்பி, பம்பையும் இன்ஜெக்டரையும் கழுவிவிட்டு நிறுத்துங்கள். ஒருநாள் அவசரத்தில் நான் அப்படியே சாவியைத் திருப்பி இறங்கிவிட்டேன். மறுநாள் குளிரில் வண்டி கிளம்பவே இல்லை.

காமன் ரெயில் இன்ஜின் (மிக அதிக அழுத்தத்தில் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் எரிபொருள் போகும் புதிய வகை) என்றால் இந்த வேலையே வேண்டாம், அதன் நுண்ணிய இன்ஜெக்டர்கள் தாங்காது. பழைய இன்ஜின் என்றால் பம்ப் இன்லைன் வகையா (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி அழுத்தி, வரிசையாக) ரோட்டரி வகையா (ஒரே சுழலும் பாகம் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும்) என்று முதலில் பாருங்கள். ரோட்டரி பம்புக்கு எரிபொருள்தான் உள்ளே மசகு, கெட்டி எண்ணெயில் அது சீக்கிரம் பழுதாகும். எது என்று எழுதினால் குழாய் இணைப்பை எப்படிப் போடலாம் என்று மேற்கொண்டு சொல்கிறேன்.