ஒருவர் மட்டுமே நடிக்கும் குறும்படத்தில் நடிப்பு எடுபட்டதா என்பதைப் பார்வையாளர்களை வைத்து எப்படி அறிவது?

படம் முடிந்ததும், திரையில் வராத ஆளைப் பற்றிக் கேளுங்கள். பார்த்தவர்கள் அந்த ஆளின் குணத்தைச் சொல்லத் தொடங்கினால் நடிப்பு எடுபட்டுவிட்டது. ‘அருமையாக நடித்தார்’ என்பதோடு நின்றுவிட்டால் அவர்கள் நடிகரைத்தான் பார்த்திருக்கிறார்கள், பாத்திரத்தைப் பார்க்கவில்லை.

திருகோணமலையில் நண்பர்களோடு சேர்ந்து குறும்படங்கள் எடுக்கிறோம். படத்தொகுப்பு என் பொறுப்பு. அண்மையில் உப்புவெளியில் ஒரு வீட்டுக் குசினிக்குள்ளேயே எடுத்து முடித்த படத்தில் ஒரே ஒரு பெண்தான் வருகிறார். கனடாவில் இருக்கும் மகனுக்குப் பார்சல் கட்டுகிறார். கட்டியபடியே அடுத்த அறையில் இருக்கும் தங்கையோடு கதைக்கிறார். தங்கை வருவதுமில்லை, அவருடைய குரல் கேட்பதுமில்லை. கதை அவ்வளவுதான்.

நடித்தவர் ஓர் ஆசிரியை. கட்டாக் கருவாட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் இடுவார். பையின் வாயை மடித்து மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்டுவார். விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு, மணம் வெளியே வருகிறது என்று அதற்கு மேல் இன்னொரு பை போடுவார். பிறகு பெட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். கிலோக் கணக்கில் காசு கட்ட வேண்டுமே. மிளகாய்த்தூள் பை ஒன்றை வெளியே எடுத்து வைப்பார். தங்கையிடம் வேறு எதையோ கேட்டபடி, அதே பையை ஓசையில்லாமல் திரும்ப உள்ளே செருகுவார். இவ்வளவும் ஒரே ஷாட். நான் அதில் கத்தரி வைக்கவேயில்லை.

ஊர்ச் சனசமூக நிலையத்தில் திரையிட்டோம். தூள் பையை வெளியே எடுத்தபோது மண்டபமே சிரித்தது. எத்தனை வீடுகளில் நடப்பது அது! திரும்ப உள்ளே வைத்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ‘ம்ச்’ என்ற ஒலி மட்டும் வந்தது. கடைசியில் அவர் அழும் இடத்தில்தான் கைதட்டல் எழுந்தது. ஆனால் அந்தக் கைதட்டலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

கிழக்கில் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள். பின்னால் நிற்பவருக்கும் துயரம் போய்ச் சேர வேண்டுமென்றால் குரலும் கையும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிகளின் தனி நடிப்பிலும் பிள்ளைகள் அப்படித்தான் பழகுகிறார்கள். மேடைக்கு அதுதான் சரி. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த எங்கள் சனம், அழுகை வந்ததும் நடிப்பு வந்துவிட்டது என்று கைதட்டும். கமரா நிற்பதோ ஒரு முழத் தூரத்தில். அங்கே கண் இமை அசைவதே பெரிய செய்தி. அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

எனக்கு நிறைவு தந்தது படம் முடிந்த பிறகு நடந்த சண்டை. வயதான அம்மா ஒருவர், “இவள் இவ்வளவு கேட்கிறாள், அந்தத் தங்கச்சி ஒரு வார்த்தை பேசினால் என்ன? நெஞ்சழுத்தக்காரி!” என்று கோபப்பட்டார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. “இல்லை அக்கா, அது காணிப் பிரச்சினையாக இருக்கும். தமக்கைக்கு வீட்டை எழுதிவிட்டார்கள் போல,” என்றார். பின்னாலிருந்து ஒரு பையன், “தங்கை செத்துப்போய்விட்டார், உங்களுக்கு விளங்கவில்லையா?” என்றான். காணி என்ற சொல்லே எங்கள் வசனத்தில் இல்லை. நடிகை கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த விதம், பதில் வராதபோது கை வேலையைச் சற்று வேகமாக்கிய விதம், இவற்றிலிருந்து அவர்களே ஒரு தங்கையை உண்டாக்கி, அவளோடு கோபித்துக்கொண்டும் விட்டார்கள்.

பாராட்டை நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சோவியத் இயக்குநர் லெவ் குலேஷோவின் சோதனையைப் பற்றிச் சினிமா படிப்பவர்கள் கேட்டிருப்பார்கள். இவான் மொசூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு சூப் கிண்ணம், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டினார்கள். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களோ பசி, துயரம், ஆசை எல்லாவற்றையும் அவர் அற்புதமாகக் காட்டினார் என்று மெச்சினார்களாம். ஆகவே வெட்டி ஒட்டிய காட்சிக்கு வரும் பாராட்டில் பாதி தொகுப்பாளனுக்கு உரியது. ஒலிக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. பார்த்திபன் தனியொருவராக நடித்த 2019ஆம் ஆண்டுப் படமான ‘ஒத்த செருப்பு சைஸ் 7’இல் மற்றவர்கள் குரலாக மட்டுமே வருகிறார்கள். அதற்கு இந்தியத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதோடு ஒலிக்கலவைக்கும் ஒரு விருது கிடைத்தது மிகவும் பொருத்தம். எங்கள் படத்தில் அந்தக் குரலும் கிடையாது. அந்த ஆசிரியை முழுப் பாரத்தையும் தானே சுமந்தார். அவருடைய நடிப்பை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவே காரணம்.

நீங்கள் திரையிடும்போது ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துக் கருத்துக் கேட்பதை முதல் வேலையாக வைக்காதீர்கள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் எல்லோரும் வாழ்த்துரைதான் வழங்குவார்கள். பிளேன்டீயும் வடையும் கொடுத்து, ஆட்களை அவர்கள் பாட்டில் கதைக்க விட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள். படம் ஓடும்போது பின்வரிசையில் இருக்காமல், முன்னால் ஒரு மூலையில் முகங்கள் தெரியும்படி உட்காருங்கள். கைத்தொலைபேசி வெளிச்சம் எந்த இடத்தில் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படத்தில் மிளகாய்த்தூள் அரிக்கும் காட்சியில் எரிந்தது. நடிகையோடு கதைத்து, அவர் சம்மதித்த பிறகு, அந்தக் காட்சியைப் பாதியாகக் குறைத்தேன்.